தட்டு பேசவில்லையா? கணினியை மூடி வைத்துவிடாதீர்கள்!

"தட்டைப் போட்டோம். அது பேசவே இல்லை!"

பார்வை இழந்த ஒருவர் இருக்கும் வீட்டுக்குக் கணினி வந்து சேர்ந்த முதல் வாரத்தில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இதுதான். யாரோ ஒரு நல்ல மனிதர் தம்மிடமிருந்த பழைய கணினியைக் கொடுத்திருப்பார். கூடவே பளபளவென்று ஒரு குறுந்தட்டும் வந்திருக்கும். "இதைப் போட்டால் கணினி தானாகவே பேசும்" என்று சொல்லியும் இருப்பார். அண்ணன் வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, எல்லாரும் சுற்றி நிற்கத் தட்டைச் செருகுவான். ஐந்து நிமிடம் போகும், பத்து நிமிடம் போகும். ஒரு சத்தமும் வராது. மறுநாள் கணினியின் மேல் பழைய சேலைத் துணி ஒன்று விழுந்துவிடும். அதன் பிறகு அதை யாரும் தொடுவதில்லை.

இதில் நஷ்டம் யாருக்கு? அந்த வீட்டில் பார்வையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்குத்தான். "எனக்கு இதுவும் ஒத்துவரவில்லை" என்று அவர் மனத்துக்குள் முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் கணினியும் கெட்டிருக்காது, தட்டும் கெட்டிருக்காது. பத்தில் ஒன்பது தடவை, திரையில் ஒரு கேள்வி பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்!

நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் இனிப்பு நீர் வியாதி இல்லாத குடும்பத்தை எண்ணிச் சொல்லிவிடலாம். அந்த வியாதி கண்ணின் உள்திரையைத் தாக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதும் அதனால்தான். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

பேசும் மென்பொருள்

திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருளைத் 'திரை வாசிப்பான்' என்கிறோம். கடிதம், செய்தி, வங்கிக் கணக்கு, பள்ளிப் பாடம் என்று எதுவானாலும், எழுத்தாக இருந்தால் வாசித்துவிடும். இதைப் பயன்படுத்துகிறவருக்கு மவுஸ் வேண்டாம். விசைப்பலகை ஒன்றே போதும்.

இதில் பேர்பெற்ற ஒன்று 'ஜாஸ்'. இதை உருவாக்கிய டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978இல் கார் விபத்தில் பார்வை இழந்தார். அதன் பிறகு கணினித் துறையைக் கற்று, 1987இல் ஒரு கூட்டாளியோடு நிறுவனம் தொடங்கினார். ஜாஸ் 1989இல் வெளிவந்தது. விண்டோஸில் இயங்கும் பதிப்பு 1995இல் வந்தது. நல்ல மென்பொருள்தான். ஆனால் 2000த்துக்குப் பிந்திய ஆண்டுகளில் அதன் சாதாரணப் பதிப்பின் விலையே 895 அமெரிக்க டாலர்! தோட்டத்துச் சம்பளத்தில் அதை நினைத்துப் பார்க்க முடியுமா?

இந்த விலை அநியாயம் என்று நினைத்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன். அவரும் பார்வையற்றவர். 2006இல் 'என்விடிஏ' என்ற திரை வாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். அது முழுக்க முழுக்க இலவசம். யாரும் எடுக்கலாம், எத்தனை கணினியிலும் போடலாம், அடுத்த வீட்டுக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். ஆகையால் பாசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கிறது என்று திருட்டுத் தட்டு வாங்கி வந்து, கணினியில் வைரஸை ஏற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

முதல் முடிச்சு

இந்த மென்பொருளைப் போடுவதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. திரையில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் எந்த மென்பொருளும் கணினியில் இறங்கும். அந்தக் கேள்விகளை வாசிக்கத் திரை வாசிப்பான் வேண்டும். அதுவோ இன்னும் இறங்கவில்லை! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

இதைத் தீர்க்கத்தான் தயாரிப்பாளர்கள் தட்டையே பேச வைத்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தட்டைச் செருகினால் அது தானாக ஓடத் தொடங்கும், குரலும் உடனே வரும். "போட்டால் பேசும்" என்று அந்த நல்ல மனிதர் சொன்னது அந்தக் காலத்து அனுபவத்தில். அதற்குப் பிறகு வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, தட்டைச் செருகினாலும் "இதை ஓட்டட்டுமா?" என்று கணினி கேட்டுவிட்டு நிற்கும். வைரஸ் பயத்தால் வந்த மாற்றம் இது. விண்டோஸ் 10இல் அந்தக் கேள்வியும் மூலையில் சில விநாடி தோன்றி மறைந்துவிடும். பார்வையுள்ளவர்களே கவனிக்கத் தவறுவார்கள்.

ஆனால் சாவி ஒன்று வெளியிலும் இருக்கிறது. விண்டோஸ் 2000 தொடங்கி, ஒவ்வொரு விண்டோஸ் கணினிக்குள்ளும் 'நரேட்டர்' என்ற சிறிய வாசிப்பான் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது. தட்டே தேவையில்லை. பழைய பதிப்புகளில் அது கொஞ்சம் திக்கித் திணறும். இருந்தாலும் வாசலைத் திறந்துவிட அது போதும்.

விசைப்பலகையில் எஃப், ஜே என்ற இரண்டு விசைகளிலும் சிறு மேடு இருக்கும். விரலால் தடவினால் தெரியும். ஆள்காட்டி விரல்களுக்கு அதுதான் இடம். கீழே உள்ள நீளமான விசைக்கு இடப்பக்கம் எண்ணிக்கொண்டு போனால் முதலில் ஆல்ட், இரண்டாவது விண்டோஸ் விசை. விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டே ஆர் எழுத்தைத் தட்டுங்கள். ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் நரேட்டர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் என், ஏ, ஆர், ஆர், ஏ, டி, ஓ, ஆர் என்று தட்டி என்டரை அழுத்தினால் குரல் வந்துவிடும். விண்டோஸ் 10, 11 கணினிகளில் இன்னும் சுலபம்: கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். அதே மூன்றையும் மறுபடி அழுத்தினால் நின்றுவிடும்.

அப்போதும் குரல் வரவில்லை என்றால் சத்தமே வெளியே வரவில்லை என்று அர்த்தம். ஒலிபெருக்கியின் கம்பி கணினியின் பின்புறம் பச்சை நிறத் துளையில் இருக்கிறதா, ஒலி குறைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்வையுள்ள ஒருவர் பார்க்கட்டும். தொலைக்காட்சிப் பெட்டி போன்ற பெரிய திரையை இணைத்திருந்தால், சத்தம் ஒலிபெருக்கியை விட்டு அந்தத் திரைக்குள் போய்விடுவதும் உண்டு. ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். பாட்டே கேட்கவில்லை என்றால் திரை வாசிப்பானைக் குறை சொல்லிப் பயனில்லை.

தட்டைத் திறப்பது

குரல் வந்ததும் மறுபடி விண்டோஸோடு ஆர். இப்போது பெட்டியில் டி எழுத்தும், அதை அடுத்து முக்காற்புள்ளியும் போட்டு என்டர். முக்காற்புள்ளி எங்கே என்றால், எல் எழுத்துக்கு அடுத்து வலப்பக்கம் உள்ள விசையை ஷிப்ட்டோடு அழுத்த வேண்டும். டி என்பது பெரும்பாலும் தட்டு இருக்கும் இடத்தின் பெயர். சில கணினிகளில் அது ஈ அல்லது எஃப் ஆக இருக்கும். ஒன்று சரிப்படாவிட்டால் அடுத்ததைப் போட்டுப் பார்க்கலாம்.

தட்டில் உள்ள கோப்புகளின் பட்டியல் திறக்கும். மேல், கீழ் அம்புக்குறிகளால் நகர்ந்தால் ஒவ்வொரு பெயரையும் நரேட்டர் சொல்லும். ஜாஸ் தட்டு என்றால் 'செட்டப்' என்று வரும். என்விடிஏ என்றால் அந்தப் பெயரோடு பதிப்பு எண்ணும் சேர்ந்து வரும். அதன் மேல் நின்று என்டர்.

என்விடிஏவில் முதலில் ஒரு சிறு இசை ஒலிக்கும். பயப்பட வேண்டாம், அது தயாராகிறது என்று அர்த்தம். பிறகு அதன் சொந்தக் குரலே பேசத் தொடங்கும். இந்த இடத்தில் நரேட்டரை நிறுத்திவிடுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சும் விளங்காது. உரிமத்துக்குச் சம்மதம் கேட்கும் கட்டத்துக்கு டேப் விசையால் போய், நீள விசையைத் தட்டினால் சம்மதம். மறுபடி டேப் தட்டிக்கொண்டே போனால் "இந்தக் கணினியில் நிறுவு" என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும். அங்கே என்டர்.

இப்போதுதான் பலர் கைவிடுகிற இடம் வருகிறது. அதுவரை பேசிக்கொண்டிருந்த குரல் திடீரென்று ஊமையாகிவிடும்! "செத்துப் போச்சு" என்று கணினியை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். "இந்த மென்பொருள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறாயா?" என்று விண்டோஸ் கேட்கிறது. பாதுகாப்புக்காக மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தனித் திரையில் கேட்கும் கேள்வி அது. இன்னும் முழுமையாக நிறுவப்படாத என்விடிஏவால் அந்தத் தனித் திரைக்குள் நுழைய முடியாது. அதனால்தான் மௌனம். ஆங்கில விண்டோஸ் என்றால் ஆல்ட்டோடு ஒய் எழுத்தை அழுத்துங்கள், 'ஆம்' என்று பதில் போய்விடும். கொஞ்ச நேரத்தில் குரல் திரும்பி வந்து, வேலை முடிந்தது என்று சொல்லும். நிறுவி முடித்த பிறகு அதே கேள்வி எப்போது வந்தாலும் என்விடிஏ அதையும் வாசித்துவிடும். முதல் தடவைக்கு மட்டுமே இந்த மௌனம்.

இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை கணினிகள் துணிக்கு அடியில் தூங்குகின்றனவோ!

தட்டே தகராறு செய்தால்

நம் நாட்டுப் புழுக்கத்தில் தட்டின் மேல் பூஞ்சை படியும். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த தட்டு என்றால் கேட்கவே வேண்டாம். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டைத் துடைப்பது போல வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமாக விழும் கீறல்தான் தட்டுக்கு அதிகக் கெடுதல். அடையாளத்துக்காகத் தட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாம். சுழலும்போது ஆட்டம் கண்டுவிடும். அடையாளத்தை உறையில் வையுங்கள்.

பாதி ஓடி நிற்கும் தட்டு என்றால், அதிலுள்ளவற்றை முதலில் கணினிக்குள் பிரதி எடுத்து, அங்கிருந்து ஓட்டிப் பாருங்கள். இப்போது வரும் மடிக்கணினிகளில் தட்டுப் போடும் இடமே இருப்பதில்லை. தட்டு ஓட்டும் கணினி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, விரல் அளவுள்ள யுஎஸ்பி குச்சியில் மாற்றி வாங்கிக்கொள்ளலாம். அதுவும் டி அல்லது ஈ என்ற பெயரில்தான் திறக்கும்.

உதவி செய்ய வரும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. என்விடிஏவில் 'கையடக்கப் பிரதி' என்று ஒன்று எடுக்கலாம். குச்சியில் போட்டு எந்தக் கணினியிலும் செருகி ஓட்டலாம். அருமையான வசதி. ஆனால் அந்தப் பிரதியைக் குறுந்தட்டில் பதிவு செய்து கொடுத்தால் தட்டிலிருந்து அது ஓடாது. மறுபடி எழுத முடியாத தட்டிலிருந்து அதை ஓட்டுவதற்கு ஆதரவு இல்லை என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். தட்டில் கொடுப்பதென்றால் நிறுவும் கோப்பை அப்படியே போட்டுக் கொடுங்கள். நல்ல எண்ணத்தோடு செய்து கொடுத்த தட்டு, போன இடத்தில் ஊமையாக இருந்தால் யாருக்கு என்ன லாபம்?

பழைய தட்டும் புதிய கணினியும் ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டு. திரை வாசிப்பான் கணினியின் உள்நரம்புகளோடு இணைந்து வேலை செய்வது. 2005இல் வாங்கிய ஜாஸ் தட்டு இன்றைய விண்டோஸில் உட்கார மறுப்பதில் ஆச்சரியமில்லை. கணினி பழையது என்றால் சிக்கல் தலைகீழாக வரும். எக்ஸ்பி ஓடும் கணினிக்கு என்விடிஏவின் 2017.3 பதிப்புதான் கடைசி. விண்டோஸ் 7 என்றால் 2023.3.4 பதிப்பு வரைதான். அதற்குப் பின் வந்தவை அதில் ஏறாது. தட்டு செய்து தரச் சொல்லும்போது, கணினியில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஜாஸ் போட்டவர்கள் சிலருக்கு இன்னொரு குழப்பம் வரும். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும், 40 நிமிடம் ஆனதும் நின்றுவிடும். கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி 40 நிமிடம். இது பழுதல்ல. உரிமம் பதிவாகாத ஜாஸ் அவ்வளவு நேரம்தான் ஓடும். உரிமம் வாங்க வசதியில்லை என்றால் இலவசமான என்விடிஏவுக்கு மாறிவிடுவதே என் யோசனை.

பேசிய பிறகு வரும் சந்தேகங்கள்

நேற்று பேசியது இன்று பேசவில்லையா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களை விசாரியுங்கள்! என்விடிஏவில் இன்செர்ட் விசையோடு எஸ் எழுத்தைத் தட்டினால் குரல் மாறி மாறி நிற்கும், வரும். தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். மறுபடி மறுபடி தட்டிப் பாருங்கள், வந்துவிடும். வாசிப்பானே நின்றுபோயிருந்தால் கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுந்துகொள்ளும். இன்செர்ட் விசை எளிதில் அகப்படாத மடிக்கணினியில், அதற்குப் பதிலாக கேப்ஸ் லாக் விசையைப் பயன்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. முதன்முதலில் வரும் வரவேற்புப் பெட்டியிலேயே அதைக் கேட்கும். கணினியைத் திறந்தவுடன் தானாகப் பேச வேண்டுமா என்றும் கேட்கும். கட்டாயம் 'ஆம்' போடுங்கள். இல்லையென்றால் தினமும் காலையில் அதை எழுப்பித் தர யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும்.

"ஆங்கிலம் வாசிக்கிறது, தமிழ் வந்தால் வாயை மூடிக்கொள்கிறது" என்ற குறையும் நியாயமானதே. ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பழைய ஜாஸ் தட்டுகளில் வந்த எலோக்வென்ஸ் குரல்களில் தமிழ் இல்லவே இல்லை. ஆனால் என்விடிஏவோடு சேர்ந்தே வரும் 'ஈஸ்பீக்' என்ற குரலுக்குத் தமிழும் தெரியும், மலாயும் தெரியும். இன்செர்ட், கண்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஈஸ்பீக்கைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இன்செர்ட், கண்ட்ரோல், வி அழுத்திக் குரல் பட்டியலில் தமிழைத் தேடிப் பிடியுங்கள். முதலில் கேட்கும்போது தகரத்தில் கல் உரசுவது போல இருக்கும், மறைப்பானேன்! நாளாக ஆகக் காது பழகிவிடும். விண்டோஸ் 10இல் மைக்ரோசாப்ட் தந்துள்ள தமிழ்க் குரல் அதைவிட இனிமையானது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? வள்ளுவர்! விண்டோஸ் அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்க்கும்போது குரலையும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

விரல் யாருடையது?

இவ்வளவையும் அண்ணனோ மாமாவோ செய்து கொடுத்துவிடலாம். ஆனால் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். விசைப்பலகையின் முன் உட்கார வேண்டியவர் பார்வை இழந்தவர்தான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் என்ன வருகிறது என்று வாசித்துச் சொன்னால் போதும். நாம் மவுஸைப் பிடித்து நான்கு சொடுக்கில் முடித்துவிடுவோம். அடுத்த மாதம் அது நின்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. நாமோ வேலைக்குப் போயிருப்போம். தாமே போட்டவருக்கு, நின்றதைத் தாமே எழுப்பவும் தெரியும்.

அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது, இனிமேல் எங்கே கற்றுக்கொள்ளப் போகிறார் என்று நினைக்காதீர்கள். இருட்டோடு இருட்டாக எழுந்து, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் கத்தி பட்டையில் எத்தனை ஆழம் இறங்க வேண்டும் என்பதைக் கையாலேயே அறிந்து பால் வெட்டியவருக்கு, ஆல்ட்டுக்கு அடுத்த விசையைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. ஆங்கில எழுத்துகள் தெரியாதவர் என்றால், அவற்றின் இடத்தைப் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளை சொல்லிக் கொடுக்கட்டும். என்விடிஏவில் இன்செர்ட்டோடு 1ஐ அழுத்தினால் பயிற்சி முறை வரும். அப்போது எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரை மட்டும் சொல்லும், வேறொன்றும் செய்யாது. எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற பயமில்லாமல் தடவித் தடவிப் படிக்கலாம். மறுபடி இன்செர்ட்டோடு 1 அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எவ்வளவு முயன்றும் முடியவில்லை என்றால், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 1951 முதல் இயங்கிவரும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தையோ, பினாங்கில் உள்ள செயின்ட் நிக்கலஸ் இல்லத்தையோ தொலைபேசியில் அழைத்து விசாரிக்கலாம். உதவிக் கருவிகளுக்காகச் சமூகநல இலாகாவை நாடுவதென்றால் முதலில் ஓகேயு அட்டைக்குப் பதிந்துகொள்ள வேண்டும். கண் மருத்துவர் நிரப்பித் தரும் பாரத்தோடு போனால் வேலை சுலபமாகும்.

எல்லாம் முடிந்து கணினி பேசத் தொடங்கியதும் தட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நிறுவும் கோப்பை ஒரு குச்சியிலும் பிரதி எடுத்து, இரண்டையும் பிறப்புப் பத்திரம் இருக்கும் தகர டப்பாவிலேயே போட்டு வையுங்கள். எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்து, டப்பா இருக்கும் இடத்தையும் அப்பாவுக்கே சொல்லி வையுங்கள்.